கிராஃபோர்டு மார்க்கெட் ஆட்களுக்கு ஒரு நன்றி மடல்

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி வாக்கில், மும்பை கிராஃபோர்டு மார்க்கெட்டில் மயங்கி விழுந்த பெரியவர் என் அப்பா. அன்றைக்குக் கைகொடுத்தவர்களை மறுநாளே நேரில் போய்ப் பார்த்தேன். ஆனால் என்னுடைய இந்தியில் 'ஷுக்ரியா'வுக்கு மேல் எதுவும் வராது, மனசு ஆறவில்லை, அதனால் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்பா கும்பகோணத்தில் முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். மாதுங்காவில் என் வீட்டுக்கு வந்ததிலிருந்து கடலும் வேண்டாம் கேட்வேயும் வேண்டாம், கிராஃபோர்டு மார்க்கெட் வாசலில் இருக்கும் கல் சிற்பத்தைக் காட்டு என்று ஒரே பிடிவாதம். 1869-இல் கட்டி முடித்த கட்டடம் அது, வில்லியம் எமர்சன் வடிவமைத்தது. வாசலுக்கு மேலே இருக்கும் உழவர் சிற்பங்களை வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங், எதிரே இருக்கும் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் வாத்தியார். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் அப்பா என்று சொன்னேன், அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை, "அவரும் டிராயிங் மாஸ்டர்தானே" என்பது மட்டும் அவருக்குப் போதுமாக இருந்தது. அந்த வெயிலில் கழுத்தை நிமிர்த்தி அரை மணி நேரம் பார்த்தார். நான்தான் தடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஹாபூஸ் மாம்பழம் வாங்க உள்ளே போனோம். நாலு கடை தாண்டியிருக்க மாட்டோம், சரிந்துவிட்டார்.

தலை தரையில் மோதாமல் பிடித்தவர் ஒரு பாட்டிவாலா. பெரிய வட்டக் கூடையைத் தலையில் வைத்துச் சாமான் தூக்குகிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் ('எந்தப் பாட்டி?' என்று அப்பா காலையில்தான் கேட்டிருந்தார்). கூடையை எப்போது இறக்கினார், எப்படி இறக்கினார் என்று நான் பார்க்கவில்லை, அதிலிருந்த யாரோ ஒருவரின் அன்னாசிகள் தரையெல்லாம் உருண்டது மட்டும் தெரியும். தன் சும்மாட்டுத் துணியை உதறி, தண்ணீரில் நனைத்து, அப்பா நெற்றியில் போட்டார். பழக்கடை பாய் ஒரு மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்து, அதிலிருந்த வைக்கோலை மேலே பரப்பி, அப்பாவின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கூட்டம் நெருக்க நெருக்க, எங்கிருந்தோ ஒரு அம்மா, "ஏலே, தள்ளி நில்லுங்கலே, காத்து வரட்டும்!" என்று ஒரு அதட்டல் போட்டார். அசல் திருநெல்வேலி. தாராவியிலிருந்து சாமான் வாங்க வந்தவராம். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

வெளியே டாக்சி நெருங்க வழியில்லை. அந்தப் பக்கத்துச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துணி மூட்டைகளோடு நீளக் கைவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், பின்னால் போக முடியாது, திருப்பவும் முடியாது. வண்டி இழுக்கிறவர்கள் இரண்டு பேர் தங்கள் பாரத்தை நடைபாதையோரம் ஏற்றி வழி விட்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை, அதுதான் உறுத்துகிறது. டாக்சிக்காரர் பணம் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் டிரிப்ஸ், சாயங்காலமே வீடு.

மறுநாள் போனபோது பாய், நான் காசு கொடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன இரண்டு டஜனையும் எடுத்து வைத்திருந்தார். அதில் கனிந்துபோனவை மூன்றை மாற்றியும் கொடுத்தார். பாட்டிவாலாவிடம் நோட்டை நீட்டினேன். அன்னாசிக்கு எவ்வளவு நஷ்டமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

அப்பா இப்போது கும்பகோணத்தில் சௌக்கியம். அந்தச் சிற்பத்தைத்தான் வரைவார் என்று நினைத்தேன், வரைந்து அனுப்பியிருப்பதோ கூடையும் சும்மாடுமாக நிற்கிற அந்த மனிதரை. சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன் அண்ணே. மீசையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார், கோபிக்காதீர்கள்.