ஹாடிக் நூலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஹங்கேரியக் குதிரைப்படைத் தளபதி ஆண்ட்ராஷ் ஹாடிக் பற்றிய என் சிறுநூல் ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. நூலின் முகப்பில் நன்றி சொல்ல இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. மிச்சக் கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில், ஜெர்மன் கற்பித்து ஓய்வுபெற்ற எங்கள் ஐயா. ஹாடிக் என்றாலே எல்லோரும் 1757 அக்டோபர் 16-ஐத்தான் சொல்வார்கள். ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போர்க் காலம் அது; ஹாடிக் ஆஸ்திரியப் பக்கம். பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் தலைநகர் பெர்லினை விட்டுப் பெரும்படையோடு மேற்கே துரிங்கியா பக்கம் போயிருந்த நேரம். சில ஆயிரம் பேரையும் நாலு பீரங்கிகளையும் கூட்டிக்கொண்டு காட்டுவழியாகப் போய், சிலேசிய வாசல் என்ற நகரவாயிலை உடைத்து பெர்லினுக்குள் நுழைந்தார் ஹாடிக். ஏறத்தாழ 2 லட்சம் தாலர் (அக்கால வெள்ளிக் காசு) கப்பம் வாங்கினார். தம் அரசி மரியா தெரேசாவுக்கு இரண்டு டஜன் கையுறை கேட்டாராம், பெர்லின்காரர்கள் அத்தனையும் இடதுகை உறைகளாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம் என்று ஒரு கதையும் உண்டு. நூலையே அதில்தான் தொடங்குவதாக இருந்தேன். ஐயா கைப்பிரதியைப் பார்த்துவிட்டு, "கையுறையை விடு தம்பி. அந்த மனுசன் எப்படித் திரும்பி வந்தான்னு எழுது" என்றார்.

நூலின் போக்கு அங்கேதான் மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் வாக்கியத்தின் வினைச்சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி, எனக்காக ஒவ்வொரு பக்கமாகப் பொருள் சொன்னவர் அவர். பழைய எழுத்துரு, பூதக்கண்ணாடி இல்லாமல் ஆகாது.

ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது வரைபடம் போட்டுத் தந்த தோழியால். ஹாடிக் கிளம்பிய எல்ஸ்டர்வெர்டாவிலிருந்து பெர்லின் வரை நூல் பிடித்து அளந்தார். நூறு கிலோமீட்டருக்கு மேல். "இவ்வளவு தூரம் போனவர் எல்லாரையுமா கூட்டிட்டுப் போனார்?" என்று கேட்டார். இல்லை. ஒரு பகுதியை வழியிலேயே நிறுத்தி, திரும்பும் பாதையைக் காத்துக்கொண்டார். கூட வந்தவர்களும் குதிரைவீரர்கள் மட்டுமல்லர். எல்லைப்புறக் காலாட்களும் இருந்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். கப்பப் பேரத்தில் இன்னும் கொஞ்சம் கறக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் பிரஷ்ய மீட்புப்படையிடம் மாட்டியிருப்பார். அது வந்து சேர்வதற்குள் பணத்தோடு நகரை விட்டு வெளியேறிவிட்டார். இந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. போரின் போக்கை அந்தத் திடீர்த் தாக்குதல் மாற்றிவிடவில்லை என்பதும் உண்மை. நவம்பர் 5-இல் ராஸ்பாக், டிசம்பர் 5-இல் லாய்த்தன் என்று ஃபிரெடெரிக் அடுத்தடுத்து ஜெயித்தார்.

புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிக்குத் தனி நன்றி. புடா கோட்டைப் பகுதியில் 1937-இல் வைத்த ஹாடிக் சிலையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து அனுப்பினார். சிலை முழுக்க வெண்கலம் கறுத்துக் கிடக்க, குதிரையின் விதைகள் மட்டும் தங்கம் மாதிரி மின்னுகின்றன. பரீட்சைக்குப் போகும் பொறியியல் மாணவர்கள் அதிர்ஷ்டத்துக்காகத் தடவித் தடவி வந்த பளபளப்பு அது. "சார், எனக்கும் செமஸ்டர் நெருங்குது, நானும் தொட்டுட்டுத்தான் வந்தேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தப் படத்தை அட்டையில் போட அச்சகத்தார் சம்மதிக்கவில்லை. உள்ளே இருக்கிறது.

பெர்லினுக்குப் பிந்தைய முப்பது வருஷத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த அத்தியாயத்துக்கான குறிப்புகளை வியன்னாவிலிருந்து அனுப்பிய நண்பருக்கு நான் நிறையவே கடன்பட்டிருக்கிறேன். 1764 ஜனவரியில், எல்லைக்காவல் படையில் சேர மறுத்த செக்கெய் மக்களை (திரான்சில்வேனியாவில் வாழும் ஹங்கேரிய மொழி பேசுபவர்கள்) மாடெஃபால்வா என்ற ஊரில் பேரரசின் படை சுட்டுத் தள்ளியது. அந்த ரத்தம் காய்வதற்குள், அதே ஆண்டு, இன்று ருமேனியாவில் இருக்கும் அந்தத் திரான்சில்வேனியாவை ஆளும் பொறுப்பு ஹாடிக்குக்கு வந்தது. ஒரு நாள் நகரைப் பிடிப்பதைவிட இது கடினமான வேலை என்பது என் கட்சி. 1774-இல் ஃபீல்டு மார்ஷல் பட்டமும் பேரரசின் படை நிர்வாகத்தைக் கவனித்த வியன்னாப் போர் மன்றத்தின் தலைமையும் கிடைத்தன. 1789-இல் துருக்கியருக்கு எதிரான படைக்குத் தலைமை ஏற்று, உடல்நலம் கெட்டு இன்னொரு ஆஸ்திரியத் தளபதி லௌடோனிடம் ஒப்படைத்தார். பெல்கிரேடைப் பிடித்த பெயர் லௌடோனுக்குப் போயிற்று. 1790 மார்ச்சில் ஹாடிக் காலமானார்.

அவர் அடக்கமானது இன்றைய செர்பியாவின் ஃபூட்டோக் ஊரில். அங்கே தேவாலயக் கதவைத் திறந்துவிட்ட பெரியவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் செர்பிய மொழி தெரியாது. கிளம்பும்போது முட்டைக்கோஸ் ஊறுகாயை ஒரு பாட்டில் நிறையக் கையில் திணித்தார். அந்த ஊரின் முட்டைக்கோஸுக்குப் பேர் அப்படி.

ஒற்று மிகும் இடம் ஒவ்வொன்றுக்கும் என்னோடு சண்டை போட்ட அக்காவுக்கும், கூலியைத் தவணையாக வாங்கிக்கொண்ட அச்சகத்தாருக்கும் என் நன்றி. உங்கள் பிரதிகளைக் கட்டி வைத்துவிட்டேன். வீடு மாறியவர்கள் மட்டும் புது முகவரியை எனக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.