அழைப்புகளை எண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு,

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு வந்த அழைப்புகளின் கணக்கு அதில் இருந்தது. சரி, அழைத்தவரிடம் ஆலோசகர் எப்படிப் பேசினார் என்பதை யார் பார்ப்பது? உளவியல் சிகிச்சையில் பேச்சுதானே சிகிச்சை! அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, ஆலோசகரின் பேச்சை வரிவரியாக ஆராய்ந்தார். குடிப்பழக்கத்திலிருந்து மீட்க உதவும் ஊக்க நேர்காணல் முறையில் இன்றும் பதிவைக் கேட்டு, ஆலோசகர் எத்தனை கேள்வி கேட்டார், வந்தவர் சொன்னதை உள்வாங்கி எத்தனை முறை திருப்பிச் சொன்னார் என்று எண்ணுகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு முறை அப்படிச் சொன்னால் நல்ல தேர்ச்சி.

பயிற்சி ஆலோசகர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன் நான். 'வந்தவர் மனம்விட்டுப் பேசினார்' என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். ஒலிப்பதிவைப் போட்டால் பாதி நேரம் ஆலோசகரின் புத்திமதிதான் ஓடும். ('கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்பது எல்லோருக்கும் பிடித்த வசனம்.) அவர்கள் பொய் எழுதவில்லை; அவரவர் பேச்சு அவரவர் காதில் விழுவதில்லை. எனவே அழைப்பவரின் சம்மதத்துடன், அடையாள விவரங்களை நீக்கி, ஒவ்வோர் ஆலோசகரின் சில உரையாடல்களையாவது மூத்த உளவியலாளர் மாதந்தோறும் கேட்டு, அந்த ஆலோசகருடன் உட்கார்ந்து பேச சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யலாம். மதிப்பெண் போட்டுச் சம்பளத்தில் கை வைக்கும் வேலையாக மட்டும் அதை ஆக்கிவிட வேண்டாம்.

- ஓய்வுபெற்ற மனநல ஆலோசகர், மதுரை