சண்முகத்துக்கு, குவார்ட்சைட்டிலிருந்து

குவார்ட்சைட், அரிசோனா
பிப்ரவரி முதல் வாரம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் ஃபீனிக்ஸில் மகள் வீட்டுக்குப் போய், அவள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, போன வாரம்தான் படித்தேன். மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் தோட்டம் வரை நடக்கிறாய் என்றதும் செல்விக்கும் எனக்கும் பெரிய நிம்மதி. சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்ட கேள்வி: "ரிட்டையர் ஆனவன் வீட்டில் உட்காராமல், நாயையும் கூட்டிக்கொண்டு பாலைவனத்தில் லாரிக்குள் குடித்தனம் நடத்துகிறாயாமே, உனக்கு என்னலே ஆச்சு?"

லாரி என்று நீ சொன்னது ரொம்பத் தப்பில்லை. லாரியின் முன்பாகம், அதன் முதுகில் ஒரு சின்ன வீடு. ஆர்.வி. என்பார்கள். 24 அடி நீளம், ஒரு கட்டில், ரெண்டு அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, கூரையில் சோலார் பலகை. பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு எதிர்க்காற்று இல்லை என்று அர்த்தம். அக்டோபரில் டெக்ஸாஸ் வீட்டைப் பூட்டிக் கிளம்பி, நியூ மெக்சிகோவில் அலைந்து, இப்போது அரிசோனாவின் மேற்கு ஓரத்துக்கு வந்திருக்கிறோம். வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனிக்குத் தப்பி என்னைப் போன்ற கிழடுகள் எல்லாம் குளிர்காலத்தில் இங்கேதான் இறங்கும்.

டைகரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு டைகர் இருக்குமே, அந்தப் பழக்கத்தில் வைத்த பெயர்தான். புலிக்கான குணம் ஒன்றும் கிடையாது. நாய்க் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். இந்தப் பயணத்தில் வழி சொல்வது நானோ செல்வியோ இல்லை, அவன்தான்.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் நாயைக் காரோடு கொண்டுபோகலாம், வண்டி நிறுத்துமிடத்தில் நடத்தலாம், முகாமில் கட்டி வைக்கலாம். நடைபாதைக்குள் மட்டும் கூடாது. கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்பு ஓரமாகக் கூட்டிப் போகலாம், விளிம்புக்குக் கீழே ஓரடிகூட இறங்க முடியாது. டெத் வேலியிலும் ஜோஷுவா ட்ரீயிலும் அதே கதை. டூசான் நகரத்தை ஒட்டி சவாரோ என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. கை விரித்து நிற்கும் அந்தப் பெரிய கள்ளிக்குத்தான் சவாரோ என்று பெயர், நீ படங்களில் பார்த்திருப்பாய். சொனோரன் பாலைவனத்தைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அது தானாக வளராது. முதல் கை முளைக்கவே 50, 70 வருடங்கள் ஆகும், மழை குறைந்த இடத்தில் 100 வருடமும் ஆகலாம். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். வாசலில் இருந்த பூங்கா ஊழியப் பெண் டைகரின் தலையைத் தடவிக்கொண்டே, தார் போட்ட பாதைகளைத் தாண்டி இவன் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சரி என்று வண்டியைத் திருப்பி, டூசானுக்கு வடமேற்கே அயர்ன்வுட் ஃபாரஸ்ட் என்ற பக்கம் போனோம். அது பி.எல்.எம். என்கிற மத்திய அரசு நில நிர்வாகத் துறையின் கையில் இருக்கிறது. அங்கேயும் அதே சவாரோ, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நுழைவுச் சீட்டு இல்லை, குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 14 நாள் வரை காசு கொடுக்காமல் வண்டியைப் போட்டுக்கொள்ளலாம். காலையில் காபியோடு படியில் உட்கார்ந்தால், கள்ளியில் மரங்கொத்தி குடைந்து வைத்த பொந்திலிருந்து வேறொரு குருவி எட்டிப் பார்க்கும். டைகர் மட்டும் கூட வராமல் இருந்திருந்தால் பூங்காவுக்குள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம், இப்படி ஒரு இடம் இருப்பதே தெரிந்திருக்காது.

அவனை உள்ளே விட்ட பூங்காக்களும் உண்டு. நியூ மெக்சிகோவில் வொய்ட் சாண்ட்ஸ். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை வெளேரென்று மணல்மேடு. மணல் என்று சொல்கிறேனே தவிர அது ஜிப்சம். சுற்றியுள்ள மலைகளிலிருந்து மழைநீர் ஜிப்சத்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது, கடலுக்குப் போக வழியில்லாமல் பள்ளத்தில் தேங்கி வற்றுகிறது, மிஞ்சும் படிகத்தைக் காற்று உடைத்துப் பொடியாக்கிக் குவிக்கிறது. அங்கே செருப்பைக் கழற்றியபோது உன் ஞாபகம்தான் வந்தது. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு உடைமரமாக நிழலுக்குத் தாவித் தாவி ஓடி வந்தோமே? இந்த மணலில் அந்தச் சூடு கிடையாது. ஜிப்சம் வெயிலை வாங்கி வைப்பதில்லை, கோடையிலும் வெறுங்காலோடு நடக்கலாம் என்றார்கள். டைகர் கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, உருண்டு, ஏறி, உருண்டு, கடைசியில் வெள்ளை நாயாகி வந்தான். அந்தப் பூங்காவின் பழைய ஏரிப் படுகையில் மனிதர்களின் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றன. 21,000 முதல் 23,000 வருடம் பழையவை என்று 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அதில் பலவும் சிறுவர்களின் தடங்கள் என்கிறார்கள். அந்தக் காலத்திலும் பிள்ளைகளை யாரும் வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை போலிருக்கிறது.

அதன் பக்கத்திலேயே ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைக் களம். சோதனை நடக்கும் நேரம் நெடுஞ்சாலையையே அடைத்து வைப்பார்கள். 1945 ஜூலை 16 அன்று உலகத்தின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்ததும் அந்தக் களத்தின் வடக்குப் பக்கத்தில்தான். வெள்ளை மணலில் நாயோடு விளையாடிவிட்டு வந்து அதைச் சொல்லும் பலகையைப் படிக்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்டிலும் நாய்க்கு மரியாதை. 20 கோடி வருடத்துக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, வெட்டுவாயில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக. ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அப்புறம் வீட்டில் அடுக்கடுக்காகக் கஷ்டம் வந்து, இந்தக் கல்லால்தான் என்று பயந்து, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வந்த கடிதங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்த கல்லை எங்கிருந்து எடுத்தது என்று தெரியாததால் பழைய இடத்தில் போட முடியாது, தனியாக ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்களாம். கோயில் மண்ணை வீட்டுக்குக் கொண்டுவராதே என்பாளே உன் ஆச்சி, அவள் இருந்தால் அந்தக் கடிதங்களை ஒன்று விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது. அன்றாடப் பாடு தண்ணீர்க் கணக்குதான். வண்டியில் 150 லிட்டர் நல்ல தண்ணீர். கை கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒரு தொட்டி, கக்கூஸ் தண்ணீருக்கு இன்னொரு தொட்டி. நீ மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியில் இறங்கிக் குளிக்கிறவன், உனக்கு இது புரியாது. நான் ரெண்டு செம்பில் குளித்துவிட்டு வருகிறேன். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் கழுவு. எங்களை ஊர்ப்பக்கம் திரும்ப இழுப்பது பெரும்பாலும் நிறைந்துபோன அந்த ரெண்டாவது தொட்டிதான். அதைக் காலி செய்யும் இடத்தில் ரப்பர் கையுறையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லா உத்தியோகமும் ஒன்றுதான். மேனேஜராக இருந்தவனும் சரி, மேஸ்திரியாக இருந்தவனும் சரி, அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவான்.

நாய்க்கென்று தனிக் கவலைகள் உண்டு. வெயில் நாளில் அவனை வண்டிக்குள் விட்டுப் போகவே முடியாது. கரண்ட் போய் ஏ.சி. நின்றால் கொஞ்ச நேரத்தில் உள்ளே அடுப்புதான். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு எண்ணும் வரை வைத்துப் பார், உனக்குத் தாங்கவில்லை என்றால் நாய்க்கும் தாங்காது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. சோய்யா என்று ஒரு கள்ளி, பக்கத்தில் போனாலே தாவி ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். தாவாது, பட்டால் போதும், துண்டாகக் கழன்று வரும். ஒருநாள் டைகரின் முன்னங்காலில் ஒரு கொத்து. அவன் அதை வாயால் எடுக்கப் போய் உதட்டிலும் ஒட்டிக்கொண்டது. முள்ளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருப்பதால் கையால் பிடித்து இழுத்தால் விரலுக்கு மாறும். சீப்பை இடையில் விட்டு ஒரே சுண்டாகச் சுண்ட வேண்டும். செல்வி தலைவாரும் சீப்பு அன்றைக்கே மருந்துப் பெட்டிக்குப் போய்விட்டது. பக்கத்து வண்டிக்காரரின் நாய்க்கு வேலி ஃபீவர். இந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, புழுதியோடு மூச்சில் ஏறி நுரையீரலில் உட்கார்ந்துகொள்ளும், மனிதருக்கும் வரும். மாதக்கணக்கில் மாத்திரை. அதைக் கேட்டதிலிருந்து டைகர் தும்மினால்கூட செல்வி என் முகத்தைப் பார்க்கிறாள்.

நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தைக் கடந்து வந்தோம். அங்கே பெட்ரோல் பங்க்குக்குப் பெட்ரோல் பங்க்கு தெருநாய்கள். யாருடையவை என்று இல்லை, எல்லோரும் ஏதோ போடுகிறார்கள். அமெரிக்காவில் இத்தனை வருடத்தில் கயிறு இல்லாமல் தன்பாட்டுக்கு வாழும் நாய்க்கூட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன். டைகர் ஜன்னல் வழியாக நாள் முழுக்கக் குலைத்தான். செல்வி ஒரு சட்டித் தயிர்ச்சோற்றையும் காலி செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

இப்போது இருக்கிற குவார்ட்சைட் ஒரு வேடிக்கையான ஊர். நிரந்தரமாக இருப்பவர்கள் 2,400 பேர்தான். ஜனவரியில் ஆர்.வி. கண்காட்சியும் கல், ரத்தினச் சந்தையும் கூடும்போது லட்சக்கணக்கில் வந்து போகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பொட்டலில் பி.எல்.எம். சீட்டு எடுத்தால் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இருக்கலாம். மாலையில் அவரவர் நாற்காலியோடு வெளியே வந்து உட்காருவார்கள். என் பெயர் இங்கே ஒருவருக்கும் வாயில் வராது, நான் 'டைகர் அப்பா'. ஜெனரேட்டரை ராத்திரி வரை ஓட்டுகிற சில பேரைத் தவிர எல்லோரும் நல்ல மனிதர்கள்.

இங்குள்ள இடுகாட்டில் ஒரு கல்லறை, பிரமிடு மாதிரி கட்டி உச்சியில் உலோகத்தில் ஒட்டகம் வைத்திருக்கிறார்கள். ஹாஜி அலி என்பவருடையது. இந்தப் பாலைவனத்தில் சரக்குத் தூக்க ஒட்டகம் சரிப்படுமா என்று பார்க்க அமெரிக்க ராணுவம் 1856-இல் ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியது, கூடவே ஒட்டகக்காரர்களையும். அவர்களில் ஒருவரான ஹாஜி அலி இங்கத்தியர் வாயில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டார். உள்நாட்டுப் போர் வந்ததோடு திட்டம் போயிற்று, ஒட்டகங்களை விற்றார்கள், சிலதை அவிழ்த்தும் விட்டார்கள். இவர் ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்து 1902-இல் கண்ணை மூடினார். பிரமிடு 1935-இல் கட்டியது. நான் அங்கே ரொம்ப நேரம் நின்றேன். டைகர் அந்தக் கட்டடத்தில் காலைத் தூக்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். நியூ மெக்சிகோவில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள், மிளகாய்ச் சாறுதான் விஷயம். அதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே சட்டமன்றம் ஏற்றிருக்கிறது. ரெண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்மஸ்' என்று சொல்ல வேண்டும். செல்வி எல்லா இடத்திலும் கிறிஸ்மஸ். அப்புறம், டூசான் பக்கம் ஒரு சந்தையில் டொஹோனோ ஓதாம் என்ற பூர்வகுடி இனத்து அம்மா ஒருவர் சவாரோப் பழப் பாகு விற்றார். ஜூனில் நீளக் கழியால் பழத்தை உதிர்த்து, அடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சி எடுப்பதாம். நீ அனுப்பிய உடன்குடிக் கருப்பட்டியில் கடைசித் துண்டு வண்டியில் இருந்தது, கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை மணி நேரம் காய்ச்சுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது, அவருக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வருகிறோம், நானும் செல்வியும். டைகரையும் கூட்டி வா என்று எழுதியிருக்கிறாய். நாய்வெறி நோய் அதிகம் உள்ள நாடுகள் என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் பட்டியலில் இந்தியாவும் உண்டு. அங்கே போய்த் திரும்பும் நாய்க்கு மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்று, அரசு முத்திரை என்று காகிதம் காகிதமாகக் கேட்பார்கள். இந்த வயதில் அவனுக்கு விமானமும் வேண்டாம். மகள் வீட்டில்தான் விட வேண்டும். ஆவணி என்றால் ஃபீனிக்ஸில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும், விடியுமுன் ஐந்து மணிக்கு அவனை நடத்திவிட்டு வந்தால்தான் உண்டு. அவளோ எட்டு மணிக்கு எழுந்திருக்கிறவள். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. பத்திரிகை அடித்ததும் அவள் முகவரிக்கே அனுப்பு. ஏப்ரலில் சூடு ஏறும் முன்பு நாங்கள் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம், 7,000 அடி உயரத்துக்கு ஏறிவிடுவோம்.

மதினியை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

உன்,
முத்தையா