உளி நிற்கும் இடம்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். அம்மாவோடு வாரத்துக்கு இரண்டு தடவை பேசிவிடுகிறேன். உங்களிடம் போனைக் கொடுத்தால் "சாப்பிட்டியா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு உடனே அம்மா கையில் திணித்துவிடுகிறீர்கள். அதனால்தான் தாள் வாங்கி எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று ஆறு வருடமாகப் பாக்கி இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஈப்போவுக்கு வடக்கே இருக்கிற ஊர் இது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். இப்போது பெரும்பகுதி செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. ரப்பரை இங்கே பால்மரம் என்கிறார்கள். ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா" என்று கேட்கிறார்கள். வந்த புதிதில் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே எனக்குக் கண் கலங்கிவிடும். கடையில் ரொட்டி போடும் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியும். திங்கட்கிழமை லீவு. முதலாளி நல்ல மாதிரி, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சொல்ல வந்தது வேறு. நான் கராத்தே கற்றுக்கொள்கிறேன் அப்பா. 14 மாதம் ஆகிறது. அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் "மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா" என்று அழுவாள். நீங்களும் இதைப் படித்ததும் அப்படித்தான் நினைப்பீர்கள். தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் வகுப்பு. மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். சேர்ந்த அன்றே குத்தவும் உதைக்கவும் சொல்லித் தருவார் என்று போனேன். முதல் இரண்டு வாரம் குனியவும் உட்காரவும்தான் சொல்லித் தந்தார். செருப்பை ஜோடியாக, முனை வெளியே பார்க்க வைக்க வேண்டும். வாசலில் நின்று கூடத்துக்கு வணக்கம் செய்ய வேண்டும். அப்புறம் மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மொகுசோ என்று பெயர். முதல் நாள் கால் மரத்துப்போய், எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரிதான் உங்கள் ஞாபகம் வந்தது. சிலம்பக் கம்பை எடுக்கும் முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்களே. நான் அதை அவசர அவசரமாக முடித்துவிட்டு ஆட்டத்துக்குப் பாய்வேன். "மண்ணைத் தொட்டியா, தொட்ட மாதிரி காட்டினியா?" என்று கேட்பீர்கள். கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிகிறது என்று மாஸ்டர் சொன்னபோது எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது.

அந்த வாசகம் மாஸ்டருடையது இல்லை. ஃபுனகோஷி கிச்சின் என்பவர் தன் மாணவர்களுக்கு வகுத்துக் கொடுத்த 20 நெறிகளில் முதலாவது அது. அவர் ஜப்பானில் ஒகினாவாத் தீவுக்காரர், 1868-ல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயசில் நோஞ்சான் பிள்ளை. ஐம்பது வயசைத் தாண்டிய பிறகு, 1922-ல், ஒகினாவாக் கலையைச் செய்து காட்ட டோக்கியோவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பெண்டாட்டி ஊரில், இவர் டோக்கியோவில் ஒரு மாணவர் விடுதியில். பகலில் அந்த விடுதியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே ராத்திரியில் கராத்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்ட அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது அப்பா. மேசை துடைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறவன் நான்.

கராத்தே என்ற பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பு அதை எழுதும்போது 'சீனக் கை' என்று பொருள் வருகிற மாதிரி எழுதுவார்களாம். ஃபுனகோஷி அதே உச்சரிப்புள்ள வேறு எழுத்தை வைத்து 'வெறுங்கை' என்று ஆக்கினார். ஆயுதம் இல்லாத கை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். "கையில ஒண்ணும் இல்லாம இருக்கிறது பெரிய காரியமா? உள்ளே ஒண்ணும் இல்லாம நில்லு பார்ப்போம்" என்றார் மாஸ்டர். நான் ஜெயிக்க வேண்டும், இவனுக்குப் பாடம் புகட்ட வேண்டும், பார்க்கிறவர்கள் கைதட்ட வேண்டும் என்பதெல்லாம் நெஞ்சை விட்டுப் போன பிறகு மிச்சம் இருக்கிற கைதான் வெறுங்கை. கடைசியில் 'தோ' என்று ஒன்று சேர்த்துக் கராத்தே-தோ என்பார்கள். தோ என்றால் பாதை. அவருக்கு முன்னாலேயே கானோ ஜிகோரோ 1882-ல் பழைய மல்யுத்த முறைகளைத் திருத்தி, ஜூடோ என்று பெயர் வைத்ததும் இதே 'தோ'தான். சண்டை போடும் வித்தையாக இருந்ததை, ஆயுசு முழுக்க நடக்கிற வழியாக மாற்றியிருக்கிறார்கள்.

வகுப்பு முடியும்போது ஐந்து உறுதிமொழி சொல்வோம். ஒவ்வொன்றும் 'ஹிதோத்சு', அதாவது 'ஒன்று' என்றே தொடங்கும். எதுவும் இரண்டாம்பட்சம் இல்லை என்பதற்காக அப்படி. அதில் கடைசியாகச் சொல்வது, ரத்தம் கொதிக்கும்போது வருகிற வீரத்தை அடக்கிக்கொள் என்பது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீங்கள் சொல்வதுதான். எட்டு மாதம் நானும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உதட்டில்தான் இருந்திருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அது தெரிந்துவிட்டது. படிவம் நான்கில் படிக்கிற ஒரு பையன், வயசு பதினாறு, என்னைவிடப் பல படி மேலே பட்டை கட்டியவன். அவனோடு கும்மிதே, அதாவது ஜோடி ஆட்டம். மூன்று தடவை என் நெஞ்சு வரை வந்து நிறுத்திவிட்டுப் போனான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நாலாவது தடவை அவன் வரும்போது நான் குத்தினேன். நிறுத்தவில்லை. உதடு கிழிந்து வாய் முழுக்க ரத்தம். அந்தப் பையன் வாயைப் பொத்திக்கொண்டே எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தான் அப்பா. முறை அதுதான், அதனால் வைத்தான். அந்த இடத்திலேயே நான் செத்துவிட்டேன்.

மாஸ்டர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரெடியா இரு" என்றார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் சொந்தக்காரருக்கு இரண்டு ஏக்கர் பால்மரம் இன்னும் இருக்கிறது. அங்கே மாஸ்டருடைய அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்பது வயசுப் பாட்டி. நாற்பது வருடம் தோட்டத்தில் மரம் வெட்டியவர். மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பால் எடுப்பது. (தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகளே பணம் போட்டு வாங்கட்டும் என்று 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அந்தச் சங்கத்தில் எனக்கும் பங்கு இருக்கு என்று பாட்டி மூன்று தடவை சொன்னார்.)

வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக ஓடுமாம். மரத்தில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து ஒரு கோடு. கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை பாட்டி நகத்தால் உரித்துக் கூடையில் போட்டார். உளியைக் கோட்டின் தலையில் வைத்துச் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்துக்கொண்டே காலை நகர்த்தினார். நூல் மாதிரி பட்டைச் சீவல் கீழே விழுந்தது. இரண்டு மூச்சு விடும் நேரத்தில் வெட்டிய இடம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டு வழியே ஓடி மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டியது.

அப்புறம் உளியை என் கையில் கொடுத்தார். பயந்து பயந்து மேலாக இழுத்தேன். பால் வரவில்லை. "தொடுறியா, தடவுறியா?" என்றார். அழுத்தி இழுத்தேன். நறுக்கென்று ஏதோ தட்டியது. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விளக்கைக் கிட்டே காட்டினார். பட்டை தாண்டி உள்ளே கட்டை தெரிந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு ஈரத்தோல் இருக்கிறது, அதுதான் மரத்தின் உயிர், புதுப்பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும். அதைக் காயப்படுத்தினால் அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்துவிடும், அப்புறம் அங்கே ஒழுங்காகக் கோடு போட முடியாது. ஆனால் பால் அதிகமாக இருப்பதும் அந்தத் தோலை ஒட்டித்தான். அதனால் உளி அதன் கிட்டே போயே ஆக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும்போது நிற்க வேண்டும். பக்கத்து மரத்தில் யாரோ என்றைக்கோ போட்ட காயம் முஷ்டி அளவுக்குப் புடைத்து நின்றது. பாட்டி அதைத் தடவிக்கொண்டே, "இவன் அவசரக்காரன்" என்றார். யார் வெட்டியது என்று அவருக்குத் தெரியாது. காயத்தை வைத்து ஆளைச் சொல்கிறார்.

எனக்கு மாமா மகன் ஞாபகம் வந்துவிட்டது.

திரும்பி வரும்போதுதான் மாஸ்டர் பேசினார். கராத்தேயில் 'சுந்தோமே' என்று ஒன்று உண்டு. முழு வேகத்தில், முழு பலத்தோடு போகிற குத்து எதிராளியின் தோலுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்க வேண்டும். பயந்தவன் தூரத்திலேயே நின்றுவிடுவான், கோபக்காரன் உள்ளே போய்விடுவான். இரண்டு பேருக்கும் வித்தை வரவில்லை என்றுதான் கணக்கு. "நீ அந்தப் பையன்கிட்ட தோத்தது மூணு தடவை இல்ல. நாலாவது தடவையும் நீதான் தோத்தே" என்றார்.

அடுத்த ஆறு வாரம் எனக்கு ஜோடி ஆட்டம் கிடையாது. ஹெய்யான் ஷோதான் என்ற முதல் காதாவை மட்டும் செய்யச் சொன்னார். காதா என்பது நம் சிலம்பச் சுவடு மாதிரி, எதிரே ஆள் இல்லாமல் செய்கிற வரிசை. ஹெய்யான் என்றால் அமைதி. 21 அசைவு. முதல் அசைவே இடப்பக்கம் திரும்பிக் கையைக் கீழே இறக்கித் தடுப்பது. கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது ஃபுனகோஷியின் இன்னொரு நெறி. அதை நான் சட்டம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தத் தடுப்பைச் செய்த பிறகுதான், கையே அந்தப் பக்கம் போகப் பழகியது. கடையில் யாராவது தட்டைத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டாலும் இப்போது முதலில் மூச்சுதான் இறங்குகிறது.

சரி, பாக்கிக்கு வருகிறேன். அந்தப் பங்குனிப் பொங்கலில் மாமா மகன் என்னைத் தொட்டுவிட்டுப் போனான். சிலம்பத்தில் கம்பால் தொடுவதுதான் ஆட்டம். ஊரே சிரித்தது. நான் திரும்பி முழு வீச்சில் அவன் முழங்கையில் போட்டேன். நீங்கள் கூட்டத்துக்கு நடுவே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு போய்ப் பரண்மேல் வைத்தீர்கள். "இனி இதைத் தொடாதே" என்று மட்டும் சொன்னீர்கள். ஊர் முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்றுதான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விமானம் ஏறும்போதும் அந்தக் கோபத்தோடுதான் ஏறினேன். உங்கள் காலைத் தொட்டது தொட்ட மாதிரி காட்டியதுதான் அப்பா. என்னை மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடமும் கேட்டேன். தேத்தண்ணி கொடுத்தார்கள். இப்போது அவன்தான் எனக்கு ஜோடி. திங்கட்கிழமை காலையில் பாட்டியோடு இரண்டு நிரை வெட்டுகிறேன். இன்னும் சில மரத்தில் கட்டை தட்டிவிடுகிறது, ஆனால் முன்பைவிடக் குறைவு.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். கம்பைப் பரணிலிருந்து இறக்க வேண்டாம். உளுத்துப்போகாமல் நல்லெண்ணெய் மட்டும் தடவி வையுங்கள். ஒரு உதவி. மாமா மகனுக்கு அந்தக் கை முழுதாக நீள்கிறதா? தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடிகிறதா? அம்மாவிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்