பிளேட்லெட் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெங்கு பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரை ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கணக்கிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அங்கேயும் இதே கதைதான். காலையில் பெற்றோர் கேட்பது 'பிளேட்லெட் எவ்வளவு?', மாலையில் கேட்பதும் அதுவே. பிள்ளையின் பாதம் சூடாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

டெங்குவில் குழந்தையைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான். அதுவும் காய்ச்சல் இறங்கும் வேளையில். 'சூடு விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா சிஸ்டர்?' என்று தாய் கேட்கும் அதே நேரத்தில்.

ஆறு வயதுப் பையன் ஒருவன். நெற்றி சுடவில்லை, தெளிவாகப் பேசினான். ரத்த அழுத்தம் 100/80. மேல் எண்ணைப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிப் போய்விட்டார் பயிற்சி மருத்துவர். போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், பாதம் சில்லிட்டிருந்தது. விரல் நுனியை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நான்கு எண்ணியும் வெளிறியே கிடந்தது. ஓடிப்போய் மூத்த மருத்துவரை அழைத்து வந்தேன். பையன் பிழைத்துக்கொண்டான்.

நீர் கசிந்து ரத்த ஓட்டம் குறையும்போது, குழந்தைகளின் உடம்பு கை கால்களின் ரத்தக் குழாய்களை இறுக்கி, மேல் எண்ணைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது சரிகிறபோது காலம் கடந்திருக்கும். ஆனால் கீழ் எண் முன்பே ஏறிவிடும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவு என்றால் அதிர்ச்சி நிலை (ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதற்காக டிரிப்ஸைத் திறந்துவிட்டு மறந்துபோனாலும் ஆபத்து. நுரையீரலில் நீர் சேர்ந்துவிடும். திரும்பத் திரும்பப் பாதத்தைத் தொட வேண்டும், நாடி பார்க்க வேண்டும், சிறுநீரை அளக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான பட்டையைக் குழந்தையின் கையில் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும். பட்டை சிறிதானால் கூடுதலாகக் காட்டும். எங்கள் வார்டில் குழந்தைக்கான பட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தேடுவதே தனி வேலை!

அடுத்த முறை டெங்கு பற்றி எழுதும்போது, பப்பாளி இலைச் சாற்றுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்: காய்ச்சல் விட்ட பிறகு கை கால் சில்லிட்டாலோ, விடாமல் வயிறு வலித்தாலோ, நாலைந்து மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திருநெல்வேலி