பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொள்ளுங்கள், ரிலீவிங் லெட்டரைக் கொடுங்கள்

சோழிங்கநல்லூர் அலுவலகத்தின் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் 15 நாள் நோட்டீஸில் நான் ஏன் கிளம்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும். தென்காசியில் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் விவரம், மருத்துவச் சீட்டுகளோடு உங்கள் கோப்பில் இருக்கிறது. மீதி நாட்களுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ராஜினாமா மெயிலிலேயே எழுதிவிட்டேன். ஆஃபர் லெட்டரிலும் அதற்கு இடம் உண்டு. கேட்பது ஒன்றே ஒன்று: என்னை வேலையிலிருந்து முறைப்படி விடுவித்துவிட்டதாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டர்.

கடைசி நாளன்று லேப்டாப், அடையாள அட்டை எல்லாம் ஒப்படைத்தேன். ஐ.டி. பிரிவுத் தம்பி சார்ஜரின் சீரியல் நம்பரைக்கூட உரக்கப் படித்துச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே என் லாகினை முடக்கிவிட்டீர்கள். மறுநாள் உங்களிடமிருந்து மெயில்: ‘எக்ஸிட் படிவத்தை போர்ட்டலில் பூர்த்தி செய்யவும்.’ போர்ட்டலைத் திறக்க லாகின் வேண்டும். லாகின் இல்லை என்றால் ஹெல்ப்டெஸ்கில் டிக்கெட் போடச் சொல்கிறீர்கள். டிக்கெட் போடவும் அதே லாகின்தான் வேண்டும்! போனில் பிடித்தால், “உங்க ஃபார்ம் இன்னும் வரலையே சார், பெண்டிங்னு காட்டுது” என்கிறார்கள். நேரில் வந்தால், உள்ளே யாரிடம் அப்பாயின்ட்மென்ட் என்று கேட்டு செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்துகிறார். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

திருநெல்வேலியில் கிடைத்திருக்கும் வேலை இந்த ஒரு தாளுக்காக நிற்கிறது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரக்கூடிய வேலை. அவர்கள் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள்?

90 நாளுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்களே என்கிறீர்கள். சரி. போன வருடம் எங்கள் டீமில் ஒருவரைக் காலையில் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டீர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அவருடைய அட்டையை வாங்கியாயிற்று. அந்த 90 நாள் அன்றைக்கு எங்கே போயிற்று? உங்கள் வேலை விளம்பரங்களில் மட்டும் ‘இம்மீடியட் ஜாய்னர்களுக்கு முன்னுரிமை’. அவர்களெல்லாம் எந்த கம்பெனியில் மூன்று மாதம் முழுசாக இருந்து, மாலை மரியாதையோடு விடைபெற்று வருகிறார்கள்? ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த இந்த ஓ.எம்.ஆர். சாலை முழுக்க இதே கதைதான். வரும்போது நாளைக்கே வா, போகும்போது நகராதே.

கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது, மன்னிக்கவும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. பணத்துக்கே கெடு அவ்வளவுதான் என்றால், லெட்டர்ஹெட்டில் நாலு வரி அடித்துக் கொடுக்க என்ன தடை? நான் சட்டம் பேச வரவில்லை. ஆனால் தொழிலாளர் துறை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து எக்ஸிட் படிவத்தை பி.டி.எஃப். ஆக என் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள். அன்றைக்கே நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். நோட்டீஸ் பணத்தைக் கணக்குப் பார்த்துக் கழித்துக்கொண்டு, ரிலீவிங் லெட்டரை இந்த வாரத்துக்குள் கொடுத்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டத்தில் இன்னும் பெண்டிங்கில் இருக்கும் ஊழியர்