கோலை மூன்று அங்குலம் சுருக்குங்கள்

ராணுவப் பயிற்சி நிலையத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. உங்களிடம் பயிற்சிக்கு வந்த முக்கூடல் பக்கத்துப் பெண் இடுப்பெலும்பில் கீறல் விழுந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். ஒரு டேர்ம் பின்னுக்கும் தள்ளிவிட்டீர்கள். அந்தக் கோப்பு உங்கள் மேஜைக்கு வந்திருக்கும், விவரத்தை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் இரண்டு வருடம் விடியற்காலையில் அவளை ஓடவிட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். நானும் 14 வருடம் சீருடை போட்டவள்தான். என் உயரம் 154 செ.மீ. அவள் 153.

அவள் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, ஓடுறதுல எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. நடக்கதுலதான் ஒடஞ்சிட்டு."

உங்களுக்குப் புரிந்திருக்கும். டிரில் மைதானத்தில் உஸ்தாத், அதாவது டிரில் சொல்லிக்கொடுப்பவர், கையில் வைத்திருக்கும் பேஸ் ஸ்டிக்கைத்தான், அந்த அடியளக்கும் கோலைத்தான் சொல்கிறேன். கவராயம் மாதிரி இரண்டு காலை விரித்து, பித்தளை முனை டக் டக்கென்று தரையில் படக் கூடவே வருமே, அதன் விரிப்பு 30 அங்குலம். தேஜ் சல், அதாவது வேக நடை என்றால் நிமிடத்துக்கு 120 எட்டு, ஒவ்வொன்றும் 30 அங்குலம். நெட்டையான ஆளுக்கு அது நடை. எங்களுக்குத் தாண்டல். முழங்காலை மடக்கக் கூடாது, தலை அசையக் கூடாது. அப்புறம் அந்தக் கடைசி மூன்று அங்குலத்தை எங்கிருந்து எடுப்பது? இடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். 40 நிமிட வகுப்பு ஒன்றில் 4800 தடவை, இடுப்பை முறுக்கிக் காலை எறிந்து, குதிகாலை ஓங்கித் தரையில் குத்துகிறோம். முதல் மாதம் தொடை இடுக்கில் வலிக்கும். சொன்னால் சாக்கு என்பார்கள். சொல்லாவிட்டால் எலும்பு சொல்லும்.

இதில் 'லம்பா தாஹினே, சோட்டா பாயே' வேறு, நெட்டை வலப்பக்கம், குட்டை இடப்பக்கம் என்று. உயரவாரியாக நிறுத்தி மூன்று வரிசை பிரித்தால் குட்டைகள் நடுவில் வந்து மாட்டிக்கொள்வோம். முன்னால் போகும் நெட்டையின் அடிதான் எங்களுக்கும் அடி. ஒரு அங்குலம் குறைத்து வைத்தால் பின்னால் வருகிறவளின் பூட்ஸ் நம் குதிகாலில் ஏறும். என் காலத்தில் பத்தடிக்கு ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் சின்னதாய் ஒரு குதி போட்டுச் சமாளித்தேன். நேர்மையான பிள்ளை, இவளுக்கு அந்தத் திருட்டுத்தனம் வரவில்லை.

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். குட்டையானவர்களை முன்னால் நிறுத்துங்கள், கோலை 27 அங்குலத்துக்குச் சுருக்குங்கள். ஆண்களின் அடிக்கு ஈடு கொடுத்து நடந்து இடுப்பெலும்பு முறிந்த மூன்று பெண்களுக்கு, 2013-இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் நஷ்டஈடு கொடுத்தது. அவர்கள் விமானப்படையில் சேர வந்தவர்கள். டிரில்லை நாம் பிரிட்டன்காரர்களிடமிருந்துதானே எடுத்தோம்? இந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டால் என்ன?

152 செ.மீ. இருந்தால் போதும், வா என்று விளம்பரம் கொடுத்தது நீங்கள். கூர்க்கா பெண்களுக்கும் வடகிழக்கு மலைப் பெண்களுக்கும் அதிலும் தளர்வு உண்டு. வாசலில் 152 போதும் என்றவர்கள், உள்ளே போனதும் ஐந்தே முக்கால் அடி ஆளுக்குத் தைத்த சட்டையை மாட்டிவிடுகிறீர்கள். மருத்துவப் பிரிவு தவிர மற்றவற்றில் பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது 1992-இல். நிரந்தரப் பணிக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025-இல் தேசியப் பாதுகாப்பு அகாதெமியிலிருந்து முதல் முறையாக 17 பெண்கள் வெளியே வந்தார்கள், எல்லாரும் கைதட்டினோம். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கோல் மட்டும் அசையவே இல்லை.

எங்கள் பொதிகை மலையில் குடியிருப்பவர் குறுமுனி. வடக்கே கூட்டம் கூடி பூமி சாய்ந்தபோது, அதை நேராக்க அனுப்பிவைத்தது அந்தக் குள்ள அகத்தியரைத்தான் என்று பாபநாசத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். உங்கள் மைதானத்துக்கு வந்திருந்தால் அவருக்கும் 'சோட்டா பாயே'தான், ஒரு டேர்ம் பின்னுக்கும் தள்ளப்பட்டிருப்பார். ராணுவத்தை மட்டும் சொல்வானேன், டவுன் பஸ்ஸில் மேல்கம்பி எட்டாது, பேங்க் கவுண்டரில் என் நெற்றி மட்டும்தான் காசாளருக்குத் தெரியும். சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இலையில் தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி, கை பாட்டுக்கு ஓடுகிறது. நிமிராமலே கேட்டார்: "இடுப்பெலும்புன்னு சொல்லுதாவளே மேடம், நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா..." மீதியைக் கேட்கவில்லை. கட்டு ஒன்றை எண்ணி ஓரமாக வைத்தார். ஆறிவிடும், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுத்த டேர்மும் அதே மைதானம், அதே உஸ்தாத், அதே 30 அங்குலம் என்று நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

ஓட்டத்திலோ சுவர் ஏறுவதிலோ துப்பாக்கியிலோ சலுகை கேட்கவில்லை ஐயா. ஒன்பதடிப் பள்ளத்தை அவள் தாண்டிக் காட்டியவள். பயிற்சி முடித்து வெளியேறும்போது தாண்டும் 'அந்திம் பக்' என்ற கடைசி அடிக் கோட்டையும் தாண்டுவாள். அதுவரை நடக்கிற நடையில் மட்டும் மூன்று அங்குலம் குறைக்கச் சொல்கிறேன். கவராயம் மாதிரி மடங்குகிற கோல்தானே, சுருக்கினால் உடைந்தா போகும்?

அவள் திரும்பி வரும்போது முன்வரிசையில் நிறுத்தும்படியும், கோலை 27-க்குச் சுருக்கி உத்தரவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி சரியாக 152.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பெண் அதிகாரி ஒருத்தி,
பாளையங்கோட்டை